முக்கால் மீட்டர்

நிறையற்ற தண்டு என்று கேள்வியில் போட்டிருக்கிறார்கள். எந்தக் கடையில் கிடைக்கும் என்று சொன்னால் நானும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வேன். ஒரு மீட்டர் நீளமுள்ள நிறையற்ற திடமான தண்டு, ஒரு முனையில் ஒரு கிலோ, மறுமுனையில் மூன்று கிலோ, நிறை மையம் எங்கே, அதன் வழியாகத் தண்டுக்குச் செங்குத்தாகப் போகிற அச்சைப் பற்றி இந்த அமைப்பு சுழன்றால் நிலைமத் திருப்புத்திறன் எவ்வளவு, ஐந்து மார்க். காலையிலிருந்து இதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பேப்பரை மூடி அடுத்ததைத் திறந்தால் அங்கேயும் ஒரு கோடு, கோட்டின் இரண்டு பக்கமும் இரண்டு உருண்டை. சில பிள்ளைகள் இரண்டையும் ஒரே அளவில் போடுகின்றன. சில, மூன்று கிலோவைப் பூசணிக்காய் மாதிரிப் பெரிதாகப் போட்டு உள்ளே பென்சிலால் தீட்டியும் வைத்திருக்கின்றன, தீட்டினால் மார்க் கூடும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ. எப்படிப் போட்டாலும் கணக்கு ஒன்றுதான். மூன்று கிலோவிலிருந்து கால் மீட்டரில் மையம், ஒரு கிலோவிலிருந்து முக்கால் மீட்டர். கனமானது மையத்துக்குப் பக்கத்திலேயே நின்று சின்னதாய் ஒரு வட்டம் போடும், லேசானது எங்கேயோ தள்ளி நின்று பெரிய வட்டம் போடும், இரண்டும் ஒன்றாகத்தான் சுற்றி முடிக்கும். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியிருக்கிறேன், ஒரு தடவைகூட எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. மேலே மின்விசிறி லொடக் லொடக்கென்று தலையை ஆட்டுகிறது. ஒரு இறக்கை வளைந்திருக்கிறது, மையம் அச்சை விட்டு விலகிப் போயிருக்கிறது, என்றைக்காவது கழன்று விழும். விழுந்தால் யார் தலையில் விழும் என்று அண்ணாந்து பார்த்தேன். எமிமா தலையில்தான். பார்த்துவிட்டு, சீ, என்று பேனாவை எடுத்துக்கொண்டேன். இப்படியெல்லாம் நினைக்கிற ஆளில்லை நான்.

எமிமா எங்கள் மேஜைக்குச் சீஃப். பாளையங்கோட்டையில் வருஷா வருஷம் நடக்கிற திருத்தும் முகாம்தான் இது, ஒரு பள்ளிக்கூடத்தின் வகுப்பறைகளில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு மாவட்டம் முழுக்க உள்ள வாத்தியார்களைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிடுவார்கள், கட்டுக் கட்டாகப் பேப்பர் வரும், நாங்கள் திருத்துவோம், சீஃப் அதில் சிலதை உருவித் திரும்பப் பார்த்துக் கையெழுத்துப் போடுவாள். தப்பு வெளியே போனால் முதல் மெமோ அவளுக்குத்தான். கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், சாயங்காலம்தான் தருவார்கள், அதுவரைக்கும் வீட்டில் என்ன நடந்தாலும் எனக்குத் தெரியாது. என்ன நடந்தாலும் என்று நினைத்ததும் நாக்கு தானாக முன் பல்லுக்குப் போகிறது. முன் பல் ஒன்று சின்ன வயதிலேயே ஓரத்தில் உடைந்தது, அந்தக் கூர்முனையை நாக்கு தொட்டுத் தொட்டுப் பார்க்கும், பயம் வந்தாலும் தொடும், கணக்கு வராவிட்டாலும் தொடும். எமிமா காலையில் வந்ததும் எல்லோருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் போட்டாள். அதில் எனக்கும் ஒரு பங்கு இருந்திருக்கும். இடமாறுதல் கலந்தாய்வுக்குப் பிறகு இன்றைக்குத்தான் முகத்துக்கு முகம் பார்க்கிறோம், அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் பேனாவைப் பார்த்தாள், என் டிபன் பையைப் பார்த்தாள். அட்டெண்டர் அம்மாள் டீ கொண்டுவந்தபோது, "அந்தம்மைக்குச் சீனி கம்மியா குடுங்க" என்று என்னைக் காட்டிச் சொன்னாள். அந்தம்மை. ஆறாம் வகுப்பிலிருந்து ஏட்டி உலகு, ஏட்டி உலகு என்று கூப்பிட்ட வாய். உலகம்மாள் என்று முழுப்பேர் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது. எனக்குச் சீனி கம்மி என்பது மட்டும் மறக்கவில்லை பார், அதுதான் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அறுபட்டால் எப்படி இருக்கும் என்று தெரியாது. ஒன்றும் பெரிதாக இருக்காது. ஒரு கம்ப்யூட்டர் திரையில் ஒரு வரி இருந்து, இல்லாமல் போகும், அவ்வளவுதான். எங்கள் வீட்டுக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளி, அதில் இயற்பியலுக்கு ஒரே ஒரு காலியிடம். ராதாபுரம் தாண்டி இரண்டு பஸ் மாறிப் போகிற என் பள்ளிக்கூடத்திலிருந்து அந்த இடத்துக்காகத்தான் எத்தனையோ வருஷமாகக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பணிமூப்புப் பட்டியலில் எனக்கு நேர் மேலே எமிமா. இரண்டு பேரும் வேலையில் சேர்ந்தது ஒரே நாள், பிறந்த தேதியில் அவள் கொஞ்சம் மூப்பு, அதனால் அவள் முதலில் உள்ளே போவாள், நான் அடுத்து. காத்திருக்கிற வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு அவளாகத்தான் சொன்னாள், நான் கேட்கவில்லை. "நீ ஒண்ணும் யோசிக்காத ஏட்டி. நான் அந்த எடத்தத் தொடவே மாட்டேன். எனக்கு வேற எது கெடச்சாலும் போதும். அண்ணனுக்கு நீ பக்கத்துல இருக்கணும்." என் வீட்டுக்காரர் அவளுக்கு அண்ணன். அவள் உள்ளங்கை வேர்த்திருந்தது, என் கைக்குட்டையைக் கொடுத்தேன், துடைத்துவிட்டு அதை வைத்துக்கொண்டே உள்ளே போனாள். என் பேரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போய் உட்கார்ந்து திரையைப் பார்த்தேன், பட்டியலில் அந்த ஊர்ப் பேர் இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். "அது இப்பத்தாம்மா போச்சு" என்றார் திரைக்கு முன்னால் இருந்தவர், ஜன்னலோர சீட் போய்விட்டது என்று கண்டக்டர் சொல்கிற மாதிரி. எமிமா பக்கத்துக் கதவு வழியாக ஏற்கெனவே வெளியே போயிருந்தாள். ராத்திரி போன் பண்ணினாள். "என்னன்னே தெரியல உலகு, கை தானா போயிட்டு. நீ வள்ளியூர்ப் பக்கம் ஏதோ ஒண்ணு பாத்து வச்சிருக்கேன்னு யாரோ சொன்னாவ, நீ இத விட்டுட்டேன்னு நெனச்சேன்." யார் சொன்னார்கள் என்று கேட்டேன். லைன் சரியில்லை என்றாள்.

பக்கத்தைத் திருப்பு. ஒலி அலை என்று எழுத வேண்டிய இடத்தில் ஒரு பிள்ளை ஒளி அலை என்று எழுதியிருக்கிறது, போகட்டும். இந்நேரம் அவர் எழுந்திருப்பார். முத்தையா, என் வீட்டுக்காரர். மின்வாரியத்தில் கம்பம் ஏறின மனிதர், ஒரு நாள் காலையில் சட்டைப் பொத்தான் போடும்போது வலது பக்கம் அப்படியே இழுத்துக்கொண்டது. இப்போது நடக்கிறார், நடக்கிறார் என்றால் கட்டிலில் இருந்து பாத்ரூம் வரை. அதற்குச் சுவரோடு ஒரு நைலான் கயிறு கட்டியிருக்கிறது, இடது கையால் அதைப் பிடித்து, காலை இழுத்து, மறுபடி கயிற்றைப் பிடித்து. அடுத்த வீட்டு ராஜாத்தியக்கா மத்தியானம் ஒரு தடவை எட்டிப் பார்ப்பாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் அவர் விழுந்தபோது அக்கா மார்க்கெட்டில் இருந்தாள், நான் நாங்குநேரி தாண்டி பஸ்ஸில் இருந்தேன், போன் வருகிறது, பஸ் போகிறது, இறங்கினால் அடுத்த பஸ்ஸுக்கு எவ்வளவு நேரமோ, இறங்காவிட்டால் வீட்டுக்கு எதிர்த் திசையில் போய்க்கொண்டே இருப்பேன். அப்படியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்துத் தெரு ஸ்கூலாக இருந்தால் அன்றைக்கு ஓடியே போயிருப்பேன், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு. மத்தியான மணி அடித்ததும் போய் ஒரு வாய் சோறு கொடுத்துவிட்டுத் திரும்பியிருப்பேன். நான் கேட்டது அவ்வளவுதான். பெரிய வேலை, பெரிய பதவி எதுவும் கேட்கவில்லை. அந்தக் கயிறு இருக்கிறதே, அதை வாங்கிக்கொண்டு வந்தவளே எமிமாதான். கட்டியவளும் அவள்தான். நாற்காலி மேல் ஏறி ஜன்னல் கம்பியில் ஒரு முனையை முடிந்து, இன்னொரு முனையைக் கதவுக் கொண்டியில் முடிந்து, தன் கனத்தை எல்லாம் போட்டுத் தொங்கிப் பார்த்துவிட்டு, "என்னயவே தாங்குது, அண்ணன எல்லாம் பூப்போலத் தாங்கிரும்" என்று சொல்லி அவரைச் சிரிக்க வைத்தாள். வாய் கோணிப் போயிருந்த மனிதர் அன்றைக்குத்தான் முதல் தடவை சிரித்தார். தெரியாதவள் செய்தால் அது தெரியாமல் செய்தது. கயிறு கட்டியவளுக்கு என்ன தெரியாது.

அடுத்த பேப்பர். ஒரு கோடு, இரண்டு உருண்டை. இதில் இரண்டுக்கும் நடுவில் மையத்தைப் போட்டிருக்கிறது, அரை மீட்டர், அரை மீட்டர். தப்பு. சிவப்பில் ஒரு கோடு கிழித்தேன். நானும் இப்படித்தானே போட்டுக்கொண்டிருந்தேன், சரிபாதி என்று. ஆறாம் வகுப்பில் பள்ளி மைதானத்தில் தட்டாமாலை சுற்றுவோம், கையை மாற்றிக் கோத்துக்கொண்டு, பாதத்தோடு பாதம் ஒட்டிவைத்து, பின்னால் சாய்ந்து, சுற்றுவோம் பார், மரம், சுவர், கொடிக்கம்பம், சிஸ்டரின் வெள்ளை அங்கி எல்லாம் ஒரே கோடாகிவிடும், எதிரே எமிமாவின் முகம் மட்டும் அசையாமல் நிற்கும். உலகத்தில் நிற்கிற ஒரே பொருள் அவள் முகம்தான். அவள் அப்போதே நல்ல உடம்பு, நான் ஈர்க்குச்சி. நான் அவளைச் சுற்றித்தான் ஓடியிருக்கிறேன், அவள் நின்ற இடத்தில் திரும்பிக்கொண்டு இருந்திருக்கிறாள். ஓடுகிறவளுக்கு அது எப்படித் தெரியும், எதிரில் இருக்கிற முகம் நிற்கிறதே. ஒரு நாள் சாப்பாட்டு மணி அடித்தது. அவள் கையை விட்டாள். நான் பறந்துபோய்த் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் மோதினேன், வாயெல்லாம் ரத்தம், பல்லின் ஓரம் உடைந்து பாவாடையில் கிடந்தது. அவள் இரண்டு எட்டுப் பின்னால் போய்த் தொப்பென்று மண்ணில் உட்கார்ந்தாள், பாவாடையில் தூசிதான். ஓடிவந்து அழுதாள், என்னைவிட அதிகமாக அழுதாள், சிஸ்டர் முதலில் அவளைத்தான் சமாதானப்படுத்தினார்கள். "நீ விட்டுட்டேன்னு நெனச்சேன் உலகு" என்றாள். அதே வார்த்தை. இத்தனை வருஷம் கழித்துப் போனில் அதே வார்த்தை, வேறு ஒன்று கண்டுபிடிக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

அப்புறம் எங்கே பார்த்தாலும் முக்கால் மீட்டர், கால் மீட்டர் என்றே தெரிகிறது. கல்லூரியில் சுழற்சிக் கணக்கு என்றாலே எமிமாவுக்குத் தலை சுற்றும், விடுதி மொட்டை மாடியில் நான் சொல்லிக்கொடுப்பேன், பரீட்சையில் அவள் என்னைவிட இரண்டு மார்க் கூட எடுப்பாள், அதற்கும் நான்தான் சந்தோஷப்பட்டேன். பி.எட். சேர நெல்லையிலிருந்து நாகர்கோவிலுக்கு விண்ணப்பம் வாங்கப் போனது நான், இரண்டு பேருக்கும். அவள் கல்யாணத்துக்குப் பந்தியில் நின்று பரிமாறியது நான், என் கல்யாணத்துக்கு அவள் சாப்பிட்டுவிட்டுப் போனாள், வயிற்றுப் பிள்ளைக்காரி என்று நானே சொல்லிக்கொண்டேன். இல்லை, இது நியாயமில்லை. ஆஸ்பத்திரியில் அவர் கிடந்தபோது தினமும் ரசம் கொண்டுவந்தாளே, ஆஸ்பத்திரி லிஃப்ட் வேலை செய்யாத நாளில் அந்த முட்டு வலியோடு மூன்று மாடி ஏறி வந்தாளே. வந்தாள். அதை இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். அதனால்தான் தாங்க முடியவில்லை. ஒன்றுமே செய்யாதவள் என்றால் ஒரு தலைமுழுக்கோடு போயிருக்கும். முட்டு வலிதான் காரணம் என்று வேறு யாரிடமோ சொல்லியிருக்கிறாள், சங்கரன்கோவில் பக்கத்துப் பழைய பள்ளிக்கூடத்துக்கு நின்றுகொண்டே பஸ்ஸில் போய் வருவதற்கு அவளால் ஆகவில்லையாம். நிஜமாகத்தான் இருக்கும். எனக்கு முட்டு வலிக்கிறது உலகு, அந்த இடம் எனக்கு வேண்டும் என்று வராந்தாவில் சொல்லியிருக்கலாமே. சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், கடைசியில் எடுத்துக்கோ என்றுகூடச் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா? தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளவும் அவள் விடவில்லை.

"என்ன சார் இது, இப்படிப் போட்டிருக்கிய" என்று எமிமாவின் குரல். என்னிடம் இல்லை, எனக்கு எதிரில் இருக்கிற வேலாயுதம் சாரிடம். தென்காசிக்காரர், வேகமாகத் திருத்துவார், முதல் ஆளாக முடித்துவிட்டு வேப்பமரத்தடியில் போய் நிற்பார். "அஞ்சு மார்க் கணக்குக்கு ஒண்ணுதான் போட்டிருக்கிய. விடை முக்கால்னு சரியாத்தான வந்திருக்கு?" அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு சொன்னார். "விடை சரிதான் மேடம், வழி தப்பு. இணையச்சுத் தேற்றத்துல கூட்டத்தான செய்யணும், இது கழிச்சிருக்கு பாருங்க. பக்கத்துப் பிள்ளட்ட விடைய மட்டும் பாத்துட்டு, அது வர்ற மாதிரி எதையோ எழுதி முடிச்சிருக்கு. நெறை மையத்துக்கு மட்டும் ஒண்ணு போட்டேன்." எமிமா பேப்பரைப் பார்த்தாள். எனக்கு அவளைத் தெரியும், பார்க்கவில்லை, பார்ப்பது மாதிரி வைத்துக்கொண்டிருந்தாள். சுழற்சி. இடது கை மோதிரத்தைத் திருகத் தொடங்கிவிட்டது. வருஷா வருஷம் இந்த இடத்தில் அவள் எழுந்து மேஜையைச் சுற்றி வந்து பேப்பரை என் முன்னால் வைப்பாள், நான் பார்த்துக் காதோடு சொல்வேன், அவள் போய்க் கையெழுத்துப் போடுவாள், எல்லோரும் சீஃப் கெட்டிக்காரி என்பார்கள். இந்த வருஷம் வர மாட்டாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் மோதிரம் திருகியது. பிறகு நாற்காலி நகர்கிற சத்தம். வந்துவிட்டாள். கூச்சமே இல்லாமல், அந்த ரசப் பாத்திரத்தோடு மாடி ஏறி வந்த அதே நடையில், ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து. "ஏட்டி, இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லு." இப்போது ஏட்டி.

பார்த்தேன். இப்படியும் ஒரு பிள்ளை யோசிக்குமா என்று முதலில் மனசு குளிர்ந்துபோனது, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் மையத்தில் நின்றுகொண்டு இரண்டு உருண்டைக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டிருக்கின்றன, புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. இது நேரே போய் மூன்று கிலோ உருண்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டது. அங்கிருந்து பார்த்தால் மூன்று கிலோவுக்குத் தூரமே இல்லை, அது சுற்றவே இல்லை. சுற்றுவதெல்லாம் அந்த ஒரு கிலோ மட்டும்தான், முழு ஒரு மீட்டரில். அதனால் திருப்புத்திறன் ஒன்று. அங்கிருந்து மையத்துக்குக் கால் மீட்டர், மொத்தம் நாலு கிலோ. மையத்திலிருந்து விலகிப் போனால் கூட்ட வேண்டும், விலகிய இடத்திலிருந்து மையத்துக்குத் திரும்பினால் கழிக்கத்தான் வேண்டும். ஒன்றில் கால் போக முக்கால். அத்தனையும் சரி. கூட்டிக் கூட்டியே பழகின வாத்தியார் கண்ணுக்குக் கழித்தல் தப்பாகத் தெரிந்திருக்கிறது. ஐந்துக்கு ஐந்து. ஆனால் வாயைத் திறக்கவில்லை. நாக்கு பல்லுக்குப் போய்விட்டது. "சார் போட்டது சரிதான்" என்று மூன்று வார்த்தை சொன்னால் போதும். கையெழுத்துப் போட்டுவிடுவாள், யோசிக்கவே மாட்டாள், நான் சொன்னால் அவளுக்கு வேதவாக்கு. இப்படி எழுதுகிற பிள்ளை சும்மா இருக்காது, விடைத்தாள் நகல் வாங்கும், மறுமதிப்பீடு கேட்கும், நாலு மார்க் ஏறும், சீஃப்புக்கு மெமோ வரும், விளக்கம் கேட்பார்கள். புதுப் பள்ளிக்கூடத்தில் போய் உட்கார்ந்த சூட்டோடு, அந்த இடத்தில் இருந்துகொண்டே அவள் விளக்கம் எழுத வேண்டும். நீ சொன்னியே உலகு என்று போன் பண்ணுவாள். நீ சரியாப் பாத்திருப்பேன்னு நெனச்சேன் எமிமா என்பேன். லைன் சரியில்லை என்பேன்.

எவ்வளவு இனிப்பாக இருந்தது அதை நினைக்க. பிள்ளைக்கு நாலு மார்க் பிறகு கிடைத்துவிடும் என்று நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். கிடைக்காமலும் போகும். நகல் வாங்க வழியில்லாத பிள்ளையாக இருந்தால், எனக்கு பிசிக்ஸ் வராது என்று அன்றைக்கே அதை விட்டுவிடும், கழித்தது தப்பு என்று சாகிற வரைக்கும் நினைத்துக்கொண்டிருக்கும். மறுபடி அந்தப் படத்தைப் பார்த்தேன். கனத்த முனையில் உட்கார்ந்து பார்த்தால் ஒருத்திதான் சுற்றுகிறாள். அப்படியானால் எமிமாவுக்கு இத்தனை வருஷமும் இப்படித்தான் தெரிந்திருக்கிறது. உலகு ஓடுவாள், அது அவள் பழக்கம். உலகு விழுந்தால் ஓடிப்போய் அழலாம். ரசம் கொண்டுபோகலாம், கயிறு கட்டலாம், அதிலெல்லாம் பொய் இல்லை. தன் இடம் கால் மீட்டர் அசைய வேண்டும் என்று வருகிறபோது மட்டும் கை தானாகப் போய்விடும். திட்டம் போட்டுக் குழி பறித்தாள் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் திட்டமே போடவில்லை. ஒரு திட்டம் போடுகிற அளவுக்குக்கூட நான் அவள் கணக்கில் இல்லை. இது அதைவிட வலித்தது. வலித்ததோடு கொஞ்சம் தெளிந்தும் விட்டது. தட்டாமாலையில் அன்றைக்கு மணி அடித்தபோது அவள் செய்த தப்பு கையை விட்டது இல்லை, எல்லோரும்தான் விடுகிறோம், சாப்பிடப் போக வேண்டாமா. சுற்று முழு வேகத்தில் இருக்கும்போது விட்டாள். வேகத்தைக் குறைத்து, நின்று, பிறகு விட்டிருந்தால் என் பல் முழுசாக என் வாயில் இருந்திருக்கும்.

"உக்காரு" என்றேன். "என்னட்டி, நீ சொன்னா போதும்." "உக்காரு எமிமா." உட்கார்ந்தாள். பேனாவை அவள் கையில் கொடுத்தேன், ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினேன். "நீயே போட்டுப் பாரு. அச்ச மூணு கிலோ மேல வையி. இப்ப மூணு கிலோவுக்குத் தூரம் எவ்வளவு?" "தூரமே இல்லையே." "அப்ப?" "சுன்னம்." "ஒரு கிலோவுக்கு?" போட்டாள். மெதுவாகத்தான் போட்டாள், கல்லூரி மொட்டை மாடியில் போட்ட மாதிரியே எண்களுக்கு அடியில் கோடு கிழித்துக் கிழித்து. நான் அவசரப்படுத்தவில்லை. எங்கே சிக்கும் என்று எனக்குத் தெரியும், அங்கே வந்ததும் நிறுத்தினாள். "இங்க கூட்டணுமா கழிக்கணுமா?" நான் சொல்லவில்லை. முன்னால் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன், அதனால்தான் அவளுக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை. "திருப்புத்திறன் நெறை மையத்துலதான் இருக்கதுலயே கொறச்சல். அங்க நிக்கியா, அங்க போறியா, நீயே யோசி." மின்விசிறி லொடக் லொடக்கென்றது. வேலாயுதம் சார் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். எமிமா மோதிரத்தைத் திருகுவதை நிறுத்தினாள், கழித்தாள், முக்கால் என்று எழுதினாள், அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். "வந்துட்டு" என்றாள், முகமெல்லாம் சிறுபிள்ளை மாதிரி ஆகிவிட்டது. வேலாயுதம் சார் பேப்பரை வாங்கிப் பார்த்து, "அடேயப்பா, ஆமா" என்று சொல்லி, ஒன்றை அடித்து ஐந்து போட்டார், பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். நல்ல மனிதர், வேகம்தான் கொஞ்சம் கூட.

எமிமா எழுந்திருக்கவில்லை. கேட்பாள் என்று தெரிந்தது, மேஜைக்கு அடியில் என் மணிக்கட்டைப் பிடித்தாள், உள்ளங்கை அன்றைக்கு மாதிரியே வேர்த்திருந்தது. "எம்மேல கோவமா ஏட்டி?" "கோவந்தான்" என்றேன். "நீ வெலகிட்டேன்னு நெசமாவே..." "நான் வெலகல. ஒனக்கு அது தெரியும். முட்டு வலிக்குன்னு என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா."  அவள் கண் நிறைந்துவிட்டது, சீஃப் அழுவதை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று நான்தான் பேப்பர்க் கட்டைக் கொஞ்சம் தூக்கி மறைத்து வைத்தேன், பழக்கம் விடுகிறதா. "அடுத்த வருஷம் நான் வேற டேபிள் கேட்டு வாங்கிக்கிடுதேன். அதான் இப்ப ஒன்னையே போட வச்சேன். இனிமே ஒனக்குத் தானா வரும்" என்றேன். "அப்படிச் சொல்லாத உலகு" என்றாள். நான் அவள் கையை உதறவில்லை. ஒரு விரலாக, அடுத்த விரலாக எடுத்து அவள் மடியில் வைத்தேன். அவள் கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மேஜை விளிம்பைப் பிடித்து எழுந்து, காலை இழுத்துக்கொண்டு தன் நாற்காலிக்குப் போனாள். நான் விழவில்லை. அவளும் விழவில்லை. ஆறிப்போன டீயைக் குடித்தேன். சீனி சரியாகத்தான் இருந்தது.

அடுத்த பேப்பர். ஒரு கோடு, இரண்டு உருண்டை. மணி அடித்தால் சாப்பாடு, அப்புறம் மத்தியானக் கட்டு, அப்புறம் வாசலில் போனை வாங்கியதும் முதலில் ராஜாத்தியக்காவுக்கு. வீட்டுக்குப் போனதும் அந்தக் கயிற்றை அவிழ்த்து நானே ஒரு தடவை கட்ட வேண்டும். அவளுடைய முடிச்சு, எனக்கு அவிழ்க்க வருமோ என்னமோ, வராவிட்டால் அரிவாள்மணையில் அறுத்துவிட்டுப் புதுக் கயிறு வாங்கிக் கட்டுவேன், நானே தொங்கிப் பார்ப்பேன். ஆனால் என் எடையில் தொங்கிப் பார்த்து என்ன தெரியும். இப்போது பன்னிரண்டு ஆகப் போகிறது, அவர் பாத்ரூமுக்குப் போகிற நேரம். கட்டிலிலிருந்து எழுந்து, இடது கையை நீட்டி, எமிமா கட்டிய கயிற்றைத்தான் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருப்பார்.